ஆடிக்கு ஓர் ஆட்சேபம்

எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அரவேணுவில் எங்கள் வீட்டு மாடியை வெளியூர்க்காரர்களுக்கு விட ஆரம்பித்த பிறகு அந்தக் குணம் இன்னும் முற்றிவிட்டது. அதனால் சித்திரைக் கடைசியில் வந்து தங்கிய வெளிநாட்டு ஜோடியிடம் முதல் நாளே கேட்டுவிட்டேன், கல்யாணம் ஆகிவிட்டதா என்று. இல்லையாம். இங்கேதான் செய்துகொள்ளப் போகிறார்களாம். இருவரும் முதன்முதலில் பார்த்துக்கொண்டது குன்னூரில் ஒரு பேக்கரி வாசலிலாம்.

அவன் ஒரு நாடு, அவள் வேறொரு நாடு. கல்யாணச் சான்றிதழ் இருந்தால்தான் அவள் அவனுடைய நாட்டில் போய்க் குடியிருக்க முடியும். இல்லாவிட்டால் விசா முடிந்ததும் ஆளுக்கொரு விமானம் ஏற வேண்டியதுதான்.

பதிவு ஆபீசுக்கு என் வீட்டுக்காரர்தான் ஜீப்பில் கூட்டிப் போனார். மொழிபெயர்க்கிறேன் என்ற சாக்கில் நானும் தொற்றிக்கொண்டேன். அங்கே கேட்ட சட்டமெல்லாம் எனக்குப் புதுசு. இருவரில் ஒருவராவது இந்த மாவட்டத்தில் முப்பது நாள் குடியிருந்த பிறகுதான் நோட்டீஸே கொடுக்க முடியும். அந்த நோட்டீஸ் ஆபீஸ் போர்டில் இன்னொரு முப்பது நாள் தொங்கும். யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் சொல்லலாம். தடை எதுவும் இல்லை என்று அவரவர் தூதரகம் சான்று தர வேண்டும். மூன்று சாட்சிகள் வேறு. எங்கள் கல்யாணத்தில் ஊரே வந்து சாப்பிட்டது, ஒருத்தரும் எங்களை ஒரு கேள்வி கேட்கவில்லை.

முதல் முப்பது நாள் முடிந்து, ஆனியில் நோட்டீஸ் கொடுத்தார்கள். அந்த வாரமே அவர்களுடைய தோழி ஒருத்தி வந்து சேர்ந்தாள். செலிப்ரண்டாம், கல்யாணம் நடத்தி வைப்பதுதான் தொழிலாம். ஐயரும் இல்லை, பாதிரியாரும் இல்லை. அவள் நாட்டில் அவள் நடத்தி வைக்கும் கல்யாணம் சட்டப்படி செல்லும், இங்கே செல்லாது. பிறகு எதற்கம்மா இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்டேன். ஆபீஸ் கையெழுத்து முடிந்ததும் தேயிலைத் தோட்டத்தில் நிறுத்தி, ஏன் கட்டிக்கொள்கிறோம் என்று இருவரையும் வாயால் சொல்ல வைப்பாளாம். இந்தக் கேள்வியை நான்கூட யாரிடமும் கேட்டதில்லை.

ஒரு நாள் சாயங்காலம் பதிவு அதிகாரி போன் செய்தார். "உங்க ஊட்டுக்காரரு வந்திருந்தாருங்க. ஆட்சேபம் இருக்குதுங்கறாரு. கல்யாண நாள் ஆடியில வருதாம்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"வயசு பத்தல, முன்னாடி கட்டுனவங்க உசுரோட இருக்காங்க, நெருங்குன சொந்தம், இந்த மாதிரின்னாத்தான் ஆட்சேபம் செல்லும். மாசமெல்லாம் சட்டத்துல இல்லீங்க. ஆனா நாளைக்கு எழுதிக் குடுக்கறேன்னுட்டுப் போறாரு. குடுத்துட்டா நான் விசாரிச்சுத்தான் தள்ளோணும். அதுக்குள்ள அவங்க விசா முடிஞ்சாலும் முடிஞ்சுரும்."

வீட்டுக்கு வந்த மனுஷரைப் பிடிபிடியென்று பிடித்தேன். "ஏனுங்க, புத்தி கித்தி கெட்டுப் போச்சுங்களா? ஆடியில கட்டுனா சித்திர வெயில்ல கொழந்த பொறக்கும்னு கீழ சமவெளிக்காரங்க வெச்ச கணக்கு அது. நாம சித்திரையிலயும் ஸ்வெட்டரப் போட்டுட்டுத் திரியறோம்."

நான் குரலை உயர்த்தினாலே ஜீப்பைத் துடைக்கப் போய்விடுகிற மனுஷன் அன்றைக்கு அசையவில்லை. "நம்ம புள்ளையா இருந்தா ஆடியில கட்டிக் குடுப்பமா?" என்றார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. என் கோபம் போன இடம் தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

ஆனாலும் அந்தப் பெண்ணிடம் சொல்லித்தானே ஆக வேண்டும்? மாடிக்குப் போய்ச் சொன்னேன். ஆட்சேபம் என்றதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. காரணத்தைச் சொன்னதும் தன் போனை எடுத்துக் காட்டினாள். கல்யாணம் என்று சொன்னதற்கு அவளுடைய அப்பா 'உன் இஷ்டம்' என்று ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாராம். என்னைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்து, ஆடி என்றைக்குப் பிறக்கிறது என்று என் வீட்டுக்காரரிடமே கேட்டாள்.

"இன்னும் ஆனிதானுங்க. வர்ற ஞாயித்துக்கெழம நல்ல முகூர்த்தம்."

அப்படியானால் தோட்டத்துக் கல்யாணத்தை அன்றைக்கே வைத்துக்கொள்ளலாமா என்றாள். அவர் தலையாட்டினார்.

"அப்ப ஆடியில ஆபீசுக்குப் போறது?" என்று நான் குறுக்கே கேட்டேன்.

"கையெழுத்துக்கு ஏது மாசம்? வாயால சொல்லிட்டா கல்யாணம் முடிஞ்சுது."

சட்டத்துக்குச் செல்லாத கல்யாணம்தான் இவருக்குச் செல்லும். நல்ல நியாயம். சிரித்துக்கொண்டே போய் ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்குச் சாமான் எழுதினேன்.

அன்றைக்குத் தோட்டத்தில் பனிமஞ்சு இறங்கி எதிரில் நிற்பவரே தெரியவில்லை. அந்தத் தோழி கேட்டாள், இருவரும் சொன்னார்கள். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இவள் இல்லாத ஊரில் எனக்குப் பேச ஆளில்லை என்றான் அவன்.

ஆடியில் பதிவு ஆபீசுக்குப் போனோம். நான் ஒரு சாட்சி, தோழி ஒரு சாட்சி. மூன்றாவதாகக் கையெழுத்துப் போட என் வீட்டுக்காரர் குனிந்தபோது அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஆட்சேபம்னு வந்தவரு நீங்கதானுங்களே? இப்ப நீங்களே சாட்சி போடறீங்க?"

"பொண்ணு ஊட்டுக்காரனுங்க," என்றார் அவர். "கேக்க வேண்டியதக் கேட்டுட்டுத்தானுங்களே குடுக்க முடியும்?"