கச்சான் காற்றில் ஒரு நாயனம்

கடலூர் ஓல்டு டவுனுக்குக் கிழக்கே, உப்பனாற்றைத் தாண்டினால் வரும் அந்தக் குப்பத்துக்கு எந்த நேரத்தில் போனாலும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். விடியுமுன் கட்டுமரம் தள்ளுகிறவர்கள் பொழுது சாய்ந்ததும் படுத்துவிடுவார்கள். ராத்திரி வலைக்குப் போகிறவர்கள் காலையில் வந்து கஞ்சியைக் குடித்துவிட்டு உச்சி வெயில் வரை குறட்டை விடுவார்கள். பக்கத்திலேயே கடல் அந்த இரைச்சல் இரையும், ஒருவருக்கும் தூக்கம் கலையாது. அடுத்த வீட்டில் ஒரு செம்பு உருண்டால் மட்டும் எழுந்து சண்டைக்கு வந்துவிடுவார்கள். இப்படிப்பட்ட ஊரில் வாழ்க்கைப்பட்ட குணசுந்தரிக்கு நாயனப் பைத்தியம். யார் தலையெழுத்தைச் சொல்வது!

அந்தப் பைத்தியம் பிடித்தது சிதம்பரத்தில். சிவகாமியம்மனுக்குத் தாங்கள்தான் பிறந்த வீட்டு ஜனம் என்று கடலோரத்து மீனவர்கள் தேருக்குப் பட்டு எடுத்துப் போவது உண்டு. கல்யாணமான வருஷம் குணசுந்தரியும் போனாள். கீழவீதிக் கூட்டத்தில் நெருக்கித் தள்ளப்பட்டு, நாயனக்காரருக்கு ஒரு முழ தூரத்தில் போய் நின்றுவிட்டாள். காது அடைத்துப்போயிற்று, தவில் நெஞ்சுக்குள் இடித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. கூட வந்தவர்கள் ஓரமாக இழுத்தும் அவள் நகரவில்லை. அன்றிலிருந்து காதை அடைக்காத நாயனம் அவளுக்கு உப்பில்லாத குழம்புதான்.

புருஷன் காத்தவராயன் அதிகம் பேசாத மனிதன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில், சிதம்பரம் மேலவீதியில் ஒரு வீட்டில் ரேடியோ வாங்கிவிட்டு ஓரங்கட்டி வைத்திருந்த கிராமபோன் பெட்டியை, குழாயோடும் ஒரு கட்டு நாயனப் பிளேட்டோடும் தலையில் தூக்கிக்கொண்டு வந்து மனைவி முன்னால் இறக்கி வைத்தான். குணசுந்தரி அன்றைக்கு அடுப்பே மூட்டவில்லை.

சாவி கொடுத்தால் சுற்றும், ஊசியை வைத்தால் பாடும், அவ்வளவுதான் அந்தப் பெட்டி. ரேடியோவில் இருப்பதுபோல் சத்தத்தைக் குறைக்கத் திருகு கிடையாது. மேற்கே அடுத்த வீடு தங்கராசுடையது. காத்தவராயனுக்குச் சித்தப்பா மகன், ராத்திரி வலைக்காரன். முதல் நாள் பாதிப் பிளேட்டிலேயே சிவந்த கண்ணோடு வந்து நின்றான்.

"அண்ணி, ராவெல்லாம் கண்ணு முழிச்சிட்டு வரேன். என் காதுலயே வச்சு ஊதுறியே, நல்லாருக்குதா?"

"இனிமே கேக்காது தம்பி, நீ போய்ப் படு" என்றாள் குணசுந்தரி. தங்கராசு பிள்ளைகுட்டிக்காரன், பாடுபடுகிறவன். அவன் தூக்கத்தைக் கெடுத்துவிட்டுத் தான் மட்டும் சுகப்பட அவளுக்கு மனசு வரவில்லை. நாயனத்தை விடவும் மனசு வரவில்லை.

குழாய்க்குள் பழைய வேட்டியைத் திணித்துப் பார்த்தாள். நாயனக்காரருக்கு ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. பெட்டியின்மேல் மெத்தையைப் போட்டு மூடினாள். யாரோ அடுத்த ஊரில் அழுவதுபோல் கேட்டது. இதற்குச் சும்மா இருக்கலாம் என்று தூக்கி வைத்துவிட்டு, முகத்தையும் தூக்கி வைத்துக்கொண்டாள்.

வழி கிடைத்தது கருவாட்டில். மீன் காயப்போடும் பெண்கள் முதலில் காற்றைத்தான் பார்ப்பார்கள். கடலிலிருந்து கொண்டல் அடித்தால் நாற்றம் ஊருக்குள் போய் வீட்டுக்கு வீடு வசவு வாங்கித் தரும். மேற்கே இருந்து கச்சான் அடித்தால் எல்லாம் கடலுக்குப் போய்விடும். ஆனி மாசத்து ஒரு காலையில் கச்சான் காற்று முதுகில் அடிக்க, சென்னாக்குன்னி இறாலை விரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். நாற்றத்தைக் கொண்டுபோகிற காற்று சத்தத்தைக் கொண்டுபோகாதா? அவள் வீடுதான் கிழக்கே கடைசி. அப்புறம் மணலும் கடலும்தான்.

மேற்குக் கதவைச் சாத்தி, இடுக்கில் சாக்கைச் செருகினாள். கிழக்குக் கதவை அகலத் திறந்து, குழாயைக் கடலைப் பார்க்கத் திருப்பி, நிலைப்படியில் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். ஊசியை வைத்தாள். நாயனம் அவள் முகத்தில் அறைந்தது! பிளேட்டு முடிந்ததும் ஓடிப்போய் தங்கராசு வீட்டில் காது வைத்துக் கேட்டாள். குறட்டை மாறாமல் வந்தது. அன்றைக்கு அவளைவிடச் சந்தோஷமான பெண்பிள்ளை அந்தக் கடற்கரையில் இல்லை.

கச்சான் அடித்த நாளெல்லாம் இதே கச்சேரிதான். ஊரில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனால் கடலும் ஆள் இருக்கிற இடம்தான் என்பதை அவள் யோசிக்கவில்லை.

ஊர்த் தலைவரான நாட்டார் கோவிந்தசாமியின் அப்பா கண்ணாயிரம் தொண்ணூறைத் தாண்டியவர். அந்தச் சமயம் காய்ச்சலில் படுத்திருந்தார். குப்பத்தில் சாவு விழுந்தால் கடலில் இருப்பவர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு கரைக்கு வந்துவிட வேண்டும் என்பது கட்டுப்பாடு. பேரன் பேத்தி எடுத்த கிழவருக்கு வருவது கல்யாணச் சாவு, நாயனமும் தவிலும் வைத்துத்தான் தூக்குவார்கள். வழக்கமாகத் தூரத்தில் வலை விடுகிறவர்கள் ஒரு நாள் சூடைமீன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு கரைக்குக் கிட்டே வந்திருந்தார்கள். கரையிலிருந்து நாயனம் கேட்டது.

"ஐயோ, அப்பா போய்ட்டாரு!" என்று கோவிந்தசாமி தலையில் அடித்துக்கொண்டார். ஊரே வலையை வாரிப் போட்டுக்கொண்டு திரும்பிற்று. வலையில் விழுந்த மீனில் பாதி கடலோடு போயிற்று. கரையேறியதும் ஒப்பாரியோடு நாட்டார் வீட்டுக்கு ஓடினார்கள்.

காய்ச்சல் விட்டு, கண்ணாயிரம் வாசல் நிழலில் உட்கார்ந்து கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா, காத்து மாறிப்போச்சா? இம்மாஞ் சீக்கிரம் வந்துட்டீங்க?" என்றார்.

கோவிந்தசாமி அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு விம்மினார். பிறகு, மற்றவர்கள் போலவே, நாயனத்தைத் தேடிக்கொண்டு கரைப்பக்கம் நடந்தார். குணசுந்தரி கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறந்தபோது எதிரே ஈரத் துண்டோடு ஊர் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் நின்றார்கள்.

சாயங்காலம் மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் கூடிற்று. பெட்டியையும் கொண்டுவரச் சொன்னார்கள். பெட்டியைச் சிதம்பரத்துக்கே திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பதுதான் எல்லோருடைய பேச்சும். குணசுந்தரி பெட்டியை ஒட்டி உட்கார்ந்தாள். தப்பு தன்மேல்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பெட்டி போய்விட்டால் தன் வீடு வெறும் வீடாகிவிடும் என்று பயந்தாள்.

தங்கராசு எழுந்தான். "ஞாயத்தச் சொல்லணும். எனக்கு ஒரு சத்தமும் கேக்கல. அண்ணி என் தூக்கத்தப் பாத்துத்தான் அப்புடித் திருப்பி வச்சிருக்குது."

"உன் தூக்கத்தக் காப்பாத்தி எங்க அப்பனச் சாவடிச்சிடுச்சே!" என்றார் கோவிந்தசாமி. கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "பொட்டி போவட்டும். அதான் முடிவு."

பின்னாலிருந்து ஒரு கம்பு தரையைத் தட்டிற்று. கண்ணாயிரம் பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். காது அவருக்குக் கொஞ்சம் மந்தம், அதனால் உரக்கவே பேசுவார்.

"டேய் கோவிந்தசாமி, நான் செத்தா மேளம் வைப்பியா மாட்டியா?"

"என்னாப்பா பேச்சு இது? ஊரே அதிர்றாப்புல வைப்பேன்."

"வச்சு? எனக்குக் கேக்குமா?"

கிழவர் கம்பால் பெட்டியைச் சுட்டிக் காட்டினார்.

"எனக்குன்னு நெனச்சு அழுதுட்டீங்க, புடிச்ச மீனையும் வுட்டுட்டு ஓடியாந்துட்டீங்க. எல்லாம் ஆச்சு. மேளம் மட்டும்தான் பாக்கி. அது எனக்கு வர வேண்டிய மேளம்டா, எங்கயும் அனுப்பாத." கிழவர் குணசுந்தரி பக்கம் திரும்பினார். "வையி பொண்ணே, நல்லாச் சத்தமா வையி."

குணசுந்தரி நாட்டாரைப் பார்த்தாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையை மட்டும் ஆட்டினார். அவள் சாவி கொடுத்தாள். ஊசியை மெல்ல இறக்கினாள். குழாய்க்குப் பக்கத்தில் கண்ணாயிரம் சப்பணமிட்டு உட்கார்ந்து, அதன் வாய்க்குள்ளேயே காதை வைப்பதுபோல் சாய்ந்துகொண்டார். நாயனம் கிளம்பியதும் அவர் தலை ஆட ஆரம்பித்தது. படுக்கப் போகிற நேரம்தான், ஆனாலும் ஒருவரும் எழுந்து போகவில்லை.

பிளேட்டு முடிந்தது. குணசுந்தரி ஊசியைத் தூக்கினாள். "போதுமா மாமா?"

"ஏன், அதுக்குள்ள தூக்கணுமா என்ன?" என்றார் கண்ணாயிரம். "மறுபக்கத்தத் திருப்பிப் போடு."