கவரைப்பேட்டையில் ஒரு ஸ்தோத்திரக் கூட்டம்

திருவள்ளூரிலிருந்து கவரைப்பேட்டைக்கு ரயிலில் போக வேண்டுமானால் முதலில் சென்னைக்குப் போக வேண்டும். இரண்டும் ஒரே மாவட்டம்தான். ஆனாலும் நாற்பது கிலோமீட்டர் கிழக்கே வந்து, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, மறுபடி நாற்பது கிலோமீட்டர் வடக்கே ஏற வேண்டும். பெரியபாளையம் வழியாக பஸ் உண்டு. அந்த ரோட்டுக்கு என் இடுப்பு ஒத்துழைக்காது.

சனிக்கிழமை காலை 7.10-க்கு ஏறினேன். மடியில் தம்பி எபிநேசருக்காக அறுநூற்றைம்பது ரூபாயில் எடுத்த வெள்ளைச் சட்டை. அவனுக்கு வேலை நிரந்தரமானதற்கு ஆண்டவருக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரக் கூட்டம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதுதான் இதில் விசேஷம்.

எபி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் பன்னிரண்டு வருஷமாகக் கான்ட்ராக்ட் தொழிலாளி. புத்தாண்டு ஆராதனையில் நாங்கள் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். அதில் வரும் வசனம் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குத் தரும் வாக்கு. இந்த வருஷம் அவன் கைக்கு வந்தது, காத்திருக்கிறவன் தலைகுனிய மாட்டான் என்ற பொருளில் ஒரு வசனம். ஆலையிலும் நிரந்தரப் பட்டியல் வரப்போவதாகச் சொன்னார்கள். நாற்பது ஆகிவிட்டால் எடுக்க மாட்டார்கள்; அவனுக்கு அடுத்த மாதம் நாற்பது. கிடைக்கும் முன்பே நன்றி சொல்வதுதான் விசுவாசம் என்று அவர்கள் சபைப் பாஸ்டர் பிரசங்கித்தார். இவன் பட்டியல் ஒட்டும் நாளிலேயே கூட்டம் என்று கார்டு அடித்து ஊரெல்லாம் கொடுத்துவிட்டான்.

மூன்று மாதம் முன்பு வள்ளூர் அனல்மின் நிலையத்துப் பக்கம் ஒரு கான்ட்ராக்டர் அவனை சூப்பர்வைசர் வேலைக்குக் கூப்பிட்டார். போகலாமா என்று எனக்குப் போன் செய்து கேட்டான். போகாதே, ஆண்டவருக்கு முந்திக்கொண்டு ஓடாதே என்றேன். அவன் போகவில்லை.

8.25, பேசின் பிரிட்ஜ். கும்மிடிப்பூண்டி வண்டி இருபது நிமிஷம் தாமதம். ஏறியதும் எதிர் சீட்டில் பழவேற்காட்டுப் பாய் ஒருவர், துணி வியாபாரி. என்ன விசேஷம் என்று விசாரித்தார். தம்பி வேலை விஷயத்தைப் பெருமையாகவே சொன்னேன்.

“நல்லதும்மா. ஆர்டர் கைக்கு வந்துச்சா?”

வந்துவிடும் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, பொன்னேரி வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

10.00, கவரைப்பேட்டை. அழைத்துப்போக வருவதாகச் சொன்ன எபியைக் காணவில்லை. ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். கம்பி லாரிகளின் புழுதியில், இந்த ரோடே பேஜாரு என்று டிரைவர் புலம்பிக்கொண்டே ஓட்டினார். வீட்டு வாசலில் ஷாமியானா, அறுபது நாற்காலி, அடுப்பில் பிரியாணி அண்டா. எபியின் மனைவி செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பட்டியலை ஒன்பது மணிக்கே ஒட்டிவிட்டார்கள். பதினோரு பேர். எபி இல்லை.

“மூணு வாட்டி படிச்சுப் பாத்தாராம் அக்கா. இன்னும் ஆலை கேட்டாண்டயே நின்னுக்கினு இருக்காரு.”

பதினொன்றரைக்கு வந்தான். குளித்துவிட்டு நான் கொண்டுபோன சட்டையைப் போட்டுக்கொண்டான். பன்னிரண்டேகாலுக்குப் பாஸ்டர் வந்தார். சங்கதி தெரிந்ததும், இதை ஜெபக் கூட்டமாக மாற்றிவிடலாமே என்று அவனை ஓரமாக அழைத்துச் சொன்னார்.

“வேணாம் பாஸ்டர்,” என்றான் எபி. “ஸ்தோத்திரம்னு கூப்ட்டு இப்ப மாத்தினா, ஆண்டவர்தான் பேச்சு மாறிட்டாருன்னு சொல்லுவாங்க.”

எழுந்து நின்று பன்னிரண்டு வருஷத்துக்கும் நன்றி சொன்னான். விஷயம் தெரிந்தே வந்திருந்த அறுபது பேரும் ஸ்தோத்திரம் என்றார்கள். என் வாய் திறக்கவில்லை. பந்தியில் பாஸ்டர் இரண்டாம் முறை பிரியாணி கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. பாவம், அவருக்குப் பசி. அவர் மேல் மட்டும் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை?

மாலை 4.30-க்கு எபி பைக்கில் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விட்டான். பிளாட்பாரம்வரை கூடவே வந்தான்.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டா? வள்ளூருக்குப் போவாதன்னியே. அது ஆண்டவர் சொல்லி சொன்னியா, நீயா சொன்னியா?”

அவன் போன் செய்த அன்று ஒரு மணி நேரம் முழங்காலில் இருந்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். போகவேண்டாம் என்று ஆண்டவர் சொன்னதாக எனக்கு அத்தனை நிச்சயம். என் பெயரை எனக்குத் தெரிவதுபோல அது தெரிந்தது. இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

“நானாதான் சொன்னேன்,” என்றேன்.

காலையிலிருந்து இறுகியிருந்த அவன் முகம் தெளிந்தது.

“அதானே பாத்தேன். அவர் அப்டி சொல்ல மாட்டாரு.”

வண்டி வந்தது. பெண்கள் பெட்டியில் இடம் கிடைத்தது, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவன் என் பையை உள்ளே கொடுத்தான். ஊர் சேர்ந்ததும் போன் பண்ணு என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறவன், அன்று சொல்லவில்லை.