நீட்டிய கை

மாட்டுங்காவில் நான் படித்த கல்லூரிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை செஸ் ஆடும் மெஷின் வந்தது. கொண்டுவந்தவர் டை கட்டிய கம்பெனிக்காரர். அதனோடு ஆடித் தோற்காதவர்களில் ஒருவருக்குக் கல்லூரி அணியின் நான்காவது இடம் என்று எங்கள் கேப்டன் அறிவித்திருந்தான்.

எனக்கு முன் ஆடிய ஐந்து பேரில் மூவர் தோற்றார்கள். இருவர் பதினைந்து நகர்த்தல்களுக்குள் டிரா செய்துகொண்டு, ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி எழுந்து போனார்கள். டிரா கேட்டது மெஷின் அல்ல, அதற்குக் கேட்கத் தெரியாது. ஆட்டம் அதற்குச் சரியில்லாமல் போகும்போதெல்லாம் கம்பெனிக்காரர் சிரித்தபடி கை நீட்டினார்.

பதினான்காவது நகர்த்தலில் அந்தக் கை என் முன்னாலும் வந்தது.

கேப்டன் என் காதருகே குனிந்தான். "கை குடுத்துடு. வெளிநாட்டுல கிராண்ட்மாஸ்டர்களே மெஷினோட சீக்கிரமா டிரா பண்ணிக்கறாளாம். உனக்கு இது போறும்."

எட்டாவது போதும், பத்தாவது போதும் என்று தாராவியில் எங்கள் சொந்தக்காரர்கள் சொல்லிவந்த அதே போதும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தோற்றால் அந்த நான்காவது இடமும் போய்விடும். கை நீட்டவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

தோல் பட்டறையில் அன்று விடுமுறை என்பதால் அப்பாவும் வந்து சுவரோரம் நின்றிருந்தார். செஸ் அவருக்குத் தெரியாது.

"ஏட்டி, கை குடுத்தா முடிஞ்சிருமா?"

"ஆமாப்பா. ரெண்டு பேருக்கும் அரை அரை."

"இல்லேன்னா தோத்துருவியோ?"

"தெரியலப்பா. எனக்கு ஒரு சிப்பாய் கூடுதலா இருக்கு."

"பொறவு எதுக்கு இப்பமே எந்திரிக்க?"

நான் தலையை ஆட்டி மறுத்துவிட்டு அடுத்த காயை நகர்த்தினேன்.

ராணிக்கு ராணி, யானைக்கு யானை என்று வெட்டிக் குறைத்தேன். பலகை காலியாகக் காலியாக மெஷின் தடுமாறியது. தாக்க யாருமே மிச்சமில்லாதபோதும் தன் ராஜாவை மூலையிலேயே ஒளித்து வைத்திருந்தது. என் ராஜாவோ நடுப்பலகைக்கு நடந்தே வந்துவிட்டார். மிச்சமிருந்த சிப்பாய் ஓரமாக ஏறியது. அது கடைசிக் கட்டத்துக்கு முந்தைய கட்டத்தை எட்டியபோது அந்தக் கை மறுபடியும் நீண்டது.

"மெஷின்கிட்ட கேட்டீங்களா, சாப்?" என்று இந்தியில் கேட்டேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். மெஷினை அணைக்க அவருடைய கை சுவிட்சை நோக்கிப் போனது. மேட் ஆகட்டும் என்றேன். சுற்றி நின்றவர்களும் அதையே சொன்னார்கள். கை திரும்பி வந்து மடிமேல் உட்கார்ந்தது.

சிப்பாய் ராணியானது. இன்னும் எட்டு நகர்த்தல்கள். மேட். பலகையின் சிவப்பு விளக்குகள் எல்லாம் ஒன்றாக மின்னின.

அன்று மெஷின் தோற்ற ஆட்டம் அது ஒன்றுதான். கேப்டன் அணிப் பட்டியலை எடுத்து, முதல் இடத்திலிருந்த தன் பெயரை அடித்து நான்காவது இடத்தில் எழுதிக்கொண்டு, முதல் இடத்தில் என் பெயரை எழுதினான்.

அப்பா இன்னும் சுவரோரமே நின்றிருந்தார்.

"இப்பம் எந்திரிக்கலாமாட்டி?"

"எந்திரிக்கலாம்ப்பா."