சான்பிரான்சிஸ்கோவுக்கு எத்தனை கிலோமீட்டர்

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வந்தாக வேண்டும். சான்பிரான்சிஸ்கோவில் இருந்த என் அக்கா வரவில்லை. மயிலாப்பூரில், அதுவும் எங்கள் தெருவில், இது சின்ன விஷயமா? காய் வாங்கப் போனால்கூட அம்மாவை நிறுத்தி, "பெரியவ எப்ப வர்றா?" என்று கேட்டார்கள்.

"ரொம்ப தூரமாச்சே, இந்த உடம்போட எப்படி வருவா?" என்பாள் அம்மா. எவ்வளவு தூரம் என்று யாரோ ஒருத்தி மடக்கிவிட, என்னிடம் வந்தாள்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. பூகோளத்தில் புலி என்று எனக்கே ஒரு நினைப்பு. சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தில், உத்தேசமாக மீனம்பாக்கம் இருக்கும் இடத்தில் ஸ்கேலை வைத்தேன். அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் எல்லாம் தாண்டி அமெரிக்காவின் அந்தக் கோடி வரை அளந்தேன். படத்தின் விளிம்புக்கு அந்தப் பக்கமாகவும் விமானம் போகலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இருபத்திரண்டாயிரம் கிலோமீட்டர் வந்தது. அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அன்று எனக்கு அப்பளம் கேட்காமலே விழுந்தது. அப்புறம் தெரு முழுக்க இருபத்திரண்டாயிரம்தான்.

அதோடு விட்டிருக்கலாம். அடையாறில் இருந்த தோழி வீட்டிலிருந்து உலக உருண்டையை இரவல் வாங்கி வந்தேன். பூ கட்டும் நூலை எடுத்து இழுத்துப் பிடித்துப் பார்த்தால், அது மேற்கே போகவே இல்லை. சீனாவைத் தாண்டி வடக்கே வளைந்து, அலாஸ்கா பக்கமாக இறங்கியது. பூமத்திய ரேகை நாற்பதாயிரம் கிலோமீட்டர் என்று பாடத்தில் படித்திருந்தேன்; அதே நூலை அதன் மேல் வைத்துக் கணக்குப் போட்டேன். பதினாலாயிரம்! மாடிவீட்டு ஆன்ட்டி வந்திருந்த நேரம் பார்த்து அறிவித்தேன்.

"அப்ப வந்திருக்கலாமே, ஏன் வரல?" என்றார் ஆன்ட்டி.

"அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று அம்மா உள்ளே போய்விட்டாள். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

பின்னாலேயே போனேன். "சரியாத்தான் போட்டிருக்கேன், வந்து பாரும்மா."

"முன்ன போட்டதே இருக்கட்டும்டி."

"அது தப்பும்மா."

"இருந்துட்டுப் போகட்டும்."

மறுநாள் வாசலில் பூக்காரம்மா. "இன்னாம்மா, பெரிய பாப்பா இன்னும் வரலியா?"

"இருபத்திரண்டாயிரம் கிலோமீட்டர்மா. எப்படி வருவா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "பதினாலாயிரம்தான்" என்றேன் பின்னாலிருந்து. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூவை வாங்காமலே கதவைச் சாத்தினாள்.

"நான் வரலம்மா, நீயும் வர வேணாம். மாமியார் வந்து பாத்துக்கறாங்க" என்று அக்கா முன்பே போனில் சொல்லிவிட்டிருந்தது எனக்குத் தெரியாது. பெற்ற பெண்ணே வேண்டாம் என்றதை வெளியே சொல்ல முடியாமல், பாவம் அம்மா, பழியைத் தூரத்தின் மேல் போட்டுவிட்டுத் தெருவில் தலைநிமிர்ந்து நடந்துகொண்டிருந்தாள். எனக்கு அன்று தெரிந்ததெல்லாம், அம்மா பொய் சொல்கிறாள் என்பதுதான்.