நாலு நிமிஷம்

மகாராணியின் பிறந்தநாள் அணிவகுப்புக்காக ஆண்டுதோறும் ஜூனில் ஒரு சனிக்கிழமை, ராணுவ விமானங்கள் கிழக்கு லண்டனின் குட்மேய்ஸ் வீடுகளுக்கு மேலால் தாழப் பறந்து போகும். தவநாயகிக்கு அது யாழ்ப்பாணத்துக் குண்டுவீச்சு விமானம்தான். போன வருடம் கொதிக்கிற கறிச்சட்டியைப் போட்டுவிட்டு மாடிப்படிக்குக் கீழே ஓடியதில் கால் வெந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அவளுடைய புருசன் அம்பலவாணன், விமானிகளின் பேச்சைப் பிடிக்கும் ஸ்கேனர் ஒன்றைப் பழசாக வாங்கினார்.

"அண்ணை, இனி பைலட்டுக்கும் ரூட் சொல்லப்போறியளோ?" என்று அவரோடு மினிகேப் என்னும் வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் நக்கலடித்தார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு மாதமாகப் பின்வளவில் நின்று அலைவரிசைகளைத் தேடிப் பழகினார்.

இந்த வருடம் அந்தச் சனிக்கிழமை மதியம், இன்னும் நாலு நிமிடம் என்று ஒரு விமானி சொல்வது தெளிவாகக் கேட்டது.

"இஞ்சாரும், நாலு நிமிஷம்! அடுப்பை நூரும்!" என்று கத்தினார்.

விமானங்கள் வீட்டை உலுக்கிக்கொண்டு போன பிறகு உள்ளே வந்து பார்த்தார். அடுப்பு அணைந்திருந்தது. மாடிப்படிக்குக் கீழே, தூசு உறிஞ்சும் ஹூவருக்குப் பக்கத்தில், தவநாயகி தேநீர்க் கோப்பையோடு குந்தியிருந்தாள்.

"என்னப்பா, தேத்தண்ணியும் கையுமாய்?"

"நாலு நிமிஷமெல்லே தந்தனீங்கள்," என்றாள் அவள். "அங்கை ஊரிலை ஆர் எங்களுக்குச் சொல்லிப்போட்டு வந்தவங்கள்?"