ராணி மனமுவந்து கொடுத்தாளாம்

நாங்கள் குடிபெயர்ந்த பிரெஞ்சு மாகாணத்தில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற சிற்றூரின் கல்லூரியில் வரலாறு படிப்பிக்கிறேன். போன வருடம் இங்குள்ள எங்கள் ஊர்த் தமிழர் சங்கத்தின் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். அந்தச் சங்கத்தைத் தொடக்கி, பல வருடம் தலைவியாக இருந்த அக்காவை நிர்வாகக் குழுவினர் அப்போதுதான் கூடிப் பேசிப் பதவியிலிருந்து இறக்கியிருந்தார்கள். அதை மூடி மறைக்க அவருக்குக் ‘காப்பாளர்’ என்றொரு பட்டம், ஒரு பாராட்டு விழா.

“ரீச்சர், ஆரேன் ஒரு பழைய ராணியைப் பற்றிக் கொஞ்ச நேரம் கதையுங்கோ. அக்காவுக்குப் பொருத்தமா இருக்கும்.”

பொருத்தமான ராணி ஒருத்தி எனக்குத் தெரியும். சைப்பிரஸ் தீவின் கடைசி ராணி. வெனிஸ் நகரத்துப் பெண். பள்ளிக்கூட வயதில் பேசி முடித்த கல்யாணம். தீவில் கால் வைத்த கொஞ்ச மாதங்களில் கணவன் செத்தான். அவன் செத்த பிறகு பிறந்த மகனும் ஒரு வயதோடு போய்விட்டான். பெயருக்கு அவள் ராணி. ஆண்டவர்கள் வெனிஸ் அனுப்பிய அதிகாரிகள். கடைசியில் மிரட்டித் தீவை வாங்கிக்கொண்டு, ஒரு சின்ன மலையூரைக் கொடுத்து, ராணிப் பட்டத்தையும் வைத்துக்கொள் என்றார்கள். அந்த ஊருக்குக் கவிஞர்களும் ஓவியர்களும் அவளைத் தேடி வந்தார்கள்.

விழா அன்று செயலாளர் நான் பேச்சுக்குக் கொண்டுபோன படங்களை எட்டிப் பார்த்தார். “சாவு, மிரட்டல் எல்லாம் வேண்டாம் ரீச்சர். ராணி முத்துமாலை போட்ட படத்தைக் காட்டினாலே காணும்.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். முன்வரிசையில் குழுவினர் ரோல்ஸ் பலகாரத்தைக் கடித்தபடி கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் செயலாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“ரீச்சர் சொன்ன மாதிரி, அந்த ராணி மனமுவந்து நாட்டைக் குடுத்திட்டுக் கலையை வளர்த்தவ. எங்கட அக்காவும் அப்பிடித்தான்!”

கைதட்டல். அக்கா பொன்னாடையை வாங்கிச் சிரித்தபோது அவர் மேல் எனக்கு இளக்காரம்தான் வந்தது. வீட்டில் இறக்கிவிடப் போகும்போது காரில் கேட்டே விட்டேன்.

“ஏன் அக்கா சிரிச்சனீங்கள்?”

“அழுதா அதையும் வீடியோ எடுத்துப் போடுவாங்கள்.” பிறகு அவரே கேட்டார்: “அந்த மனிசிக்கு அந்தச் சின்ன ஊர் பிடிச்சதோ?”

“தெரியாது அக்கா. அதை ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை.”

அக்கா பிறகு சங்கப் பக்கம் போகவில்லை. பக்கத்து ஊரான டொலார்டில் தன் வீட்டு நிலவறையில் நாடகம் பழக்கத் தொடங்கினார். பிரெஞ்சில் மட்டுமே பேசும் பிள்ளைகள் தமிழில் சண்டை பிடிக்கப் பழகினார்கள். இந்த வசந்தத்தில் மேடையேற்றினார்கள், மண்டபம் நிறைந்தது.

மறுநாள் சங்கத்தின் முகநூலில் அந்த நாடகத்தின் படங்கள். ‘எமது சங்கத்தின் கலைப்பணி’ என்று மேலே எழுதியிருந்தது. பறித்தவர்களுக்கு மிச்சம் வைத்ததும் தங்களுடையதுதான். வெனிஸ்காரர்களும் அந்த ராணியை வரைந்த ஓவியங்களைத் தங்கள் பெருமையென்றுதான் காட்டுகிறார்கள்.