மழையில் எது நிற்கும்?

மரக்காணத்தில் என் சைக்கிள் கடைக்கு அன்று காலை வந்தவர் உப்பளத்தில் வேலை செய்பவர். உப்பு அரித்து வெடித்த பாதங்களில் செருப்பு இல்லை. வரிசையாக நின்ற கியர் சைக்கிள்களின் பிரேக்கை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டே போனார்.

“எது வேணும்ங்க? முன்னாடி மட்டும் ஷாக் அப்சார்பர் இருக்கறதா, ரெண்டு பக்கமும் இருக்கறதா?” என்று கேட்டேன்.

“மழையில எது நிக்கும்?”

ரப்பர் கட்டை ரிம்மைப் பிடிக்கும் பிரேக் நனைந்தால் வழுக்கும், சக்கர நடுவிலுள்ள தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் அவ்வளவு வழுக்காது என்று, விற்கிற பழக்கத்தில் சொன்னேன். அவர் முகம் மாறியது.

“எம் பொண்ணு டிஸ்க் வண்டிதாங்க கேட்டுச்சு. ரப்பர் கட்டை போதும்னு நான்தான் திண்டிவனத்துல வாங்கிக் குடுத்தேன். மழையில லாரி குறுக்க திரும்பிடுச்சு. பாண்டி ஆஸ்பத்திரியில கண்ணு தொறக்காம கெடக்குது. டிஸ்க்கா இருந்தா நின்னுருக்குமா?”

“லாரி குறுக்க வந்தா எந்த பிரேக் போட்டாலும் வண்டி நிக்காதுங்க,” என்றேன் அவசரமாக.

அவர் ஸ்டாண்டில் நின்ற ஒரு டிஸ்க் வண்டியின் பின்சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டு பிரேக்கை அழுத்தினார். சக்கரம் சட்டென்று நின்றது.

“இது நிக்குதே,” என்றார்.

மறுபடி சுற்றினார். மறுபடி நின்றது. கடைக்கு எதிரே பாண்டி பஸ் வந்து ஹாரன் அடித்த பிறகுதான் கையை எடுத்தார். ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. அந்தப் பெண் கண் திறந்தாளா என்றும் தெரியவில்லை. வேறென்ன சொல்லியிருந்தால் அவர் மனம் ஆறியிருக்கும் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.